கட்டின கல்லுக்கு அங்கால

யப்பானில் இறங்கின முதல் நாளே எங்கள் சப்பாத்துகளை ஆரோ திருப்பி வைத்துவிட்டார்கள்.

கியோத்தோவில் நாங்கள் தங்கின விடுதி ஒரு பழைய மரவீடு. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் பலகைத் தரையில் ஏறவேண்டும். எங்கள் ஆக்கள் எப்படிக் கழற்றுவார்கள் என்று தெரியும்தானே. உள்ளே போகிற அவசரத்தில் ஒன்று அங்கே, ஒன்று இங்கே, எல்லாம் வீட்டுக்குள்ளே பார்த்தபடி. பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் நாலும் சோடி சோடியாக, மூக்கு தெருவைப் பார்த்தபடி இருந்தன. காலடிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் மனிசர் இருக்கிற அறிகுறியே இல்லை. எங்கேயோ ஒரு மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா குனிந்து வடிவாகப் பார்த்தா. "தம்பி, எங்களைப் போகச் சொல்லினம்" என்றா.

"இது மரியாதை அக்கா. நாளைக்கு வெளிக்கிடேக்க லேசாக் காலை விடலாம்."

"நீ சும்மா இரு. வந்த ஆளை வெளிக்கிடச் சொல்லுறது இப்பிடித்தான்."

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு அறுபத்தொன்று, அவவுக்கு எழுபத்திமூன்று. ஜேர்மனியில் ஹம் என்கிற ஊரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இரண்டுபேரும் இருக்கிறோம். முதலில் வந்தவ அவதான். அகதியாக வந்து, ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை எடுத்து, என்னைக் கூப்பிட்டு, எனக்குக் கலியாணம் செய்துவைத்து, என்ர மனிசி செத்தபிறகு திரும்பவும் எனக்குச் சமைத்துப்போட வந்துசேர்ந்தா. தான் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "ரெர்மின் கிடைக்கேல்லை" என்று, அலுவலகத்தில் சந்திக்க நேரம் கிடைக்காத மாதிரி, பகிடி விடுவா.

முதியோர் இல்லத்தை நாங்கள் தமிழில் கதைக்கும்போதும் ஹைம் என்றுதான் சொல்வோம். அந்த ஹைமில் அவ முப்பது வருசம். தோய்க்கிறது, மடிக்கிறது, கட்டுக்கட்டாக நூல் போட்டுக் கட்டுறது. புதிதாக ஆரும் வந்துசேர்ந்தால் அவர்களின் ஒவ்வொரு உடுப்பிலும் பேர் தைக்கிறது. வீட்டுக்கு வந்தால் ஒரே கதைதான். "தம்பி, என்னை என்னெண்டாலும் செய். அங்க மட்டும் விட்டுடாத. ஒரு ஆளின்ர உள்சட்டையில பேரைத் தைக்கேக்க எனக்குக் கை கூசும்." நான் ஓம் ஓம் என்று ரிவியைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது.

இரண்டு வருசமாக அவவுக்கு ஞாபகம் சரியில்லை. நான் கம்பித் தொழிற்சாலையில் சிப்ட் வேலை. ஒருநாள் விடிய நான் வேலையில் நிற்க, அவ இரவுச் சட்டையோடு, வெறுங்காலோடு, பனிக்குள்ளால் நடந்துபோய்ப் பழைய ஹைம் வாசலில் நின்று மணி அடித்திருக்கிறா. "வேலைக்கு வந்தனான்" என்று சொன்னாவாம். பொலிஸ் கூட்டிக்கொண்டு வந்து விட்டது. கால்விரல் நீலமாக இருந்தது. அதுக்குப் பிறகு மியூனிக்கில் இருக்கிற என்ர மகள் எல்லா இடமும் எழுதிக் கேட்டாள். இடம் இருக்கிறது என்று பதில் வந்தது ஒரே ஒரு ஹைமில் இருந்து. அதே ஹைம்.

கையெழுத்து வைக்கிற ரெர்மின் நாங்கள் யப்பானிலிருந்து திரும்பிவந்த அடுத்த திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. கையெழுத்து வைத்த கையோடு அறையும் தருவார்கள். அக்காவுக்கு நான் அதைச் சொல்லவில்லை. உடுப்புத் தோய்க்கிற அறைச் சுவரில் எந்தக் காலத்திலோ ஒரு யப்பான் கலண்டர் தொங்கினதாம், மாதத்துக்கு ஒரு கோயில் தோட்டம். பன்னிரண்டு தாளையும் கிழித்துக்கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தா. "இதுகளை ஒருக்காப் பாத்தாக் காணும்" என்பா. அதனால் கூட்டிக்கொண்டு வந்தேன். சுத்திவளைக்காமல் சொன்னால் அந்தப் பயணம் ஒரு லஞ்சம்.

முதல் நாள் பின்னேரம் விடுதியில் குளித்துவிட்டு உடுக்கப் பருத்தி அங்கி ஒன்று தந்தார்கள். எனக்கு அது சாரத்துக்கும் சேட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அக்கா சேலைத் தலைப்புப் போடுகிற பழக்கத்தில் வலப்பக்கத் துணியை இடப்பக்கத்துக்கு மேலாகக் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு வெளியே வந்தா. விடுதிக்காரி ஒரு கிழவி, வெள்ளைத் தலை, நடந்தால் சத்தம் வராது. சாப்பாட்டுத் தட்டோடு வந்தவள் அக்காவைக் கண்டதும் தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். அக்காவின் இடுப்புக் கட்டை அவிழ்த்து, இடப்பக்கத்தை மேலே போட்டுத் திரும்பக் கட்டிவிட்டாள். பிறகு குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

அவளிடம் ஒரு போன் இருந்தது. அதில் யப்பான் பாசையில் சொன்னால் அது ஜேர்மனில் வாசிக்கும். எங்கள் ஸ்ரேசனில் ரயில் பிந்தினால் மன்னிப்புக் கேட்குமே, அதே மாதிரி ஒரு பெண் குரல். "வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை" என்றது அந்தக் குரல்.

நான் சிரித்துச் சமாளித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்ப இவைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றா. இரண்டு நாளுக்கு அங்கியைத் தொடவே இல்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டையோடுதான் படுத்தா.

இரண்டாம் நாள் சாப்பாட்டுக்கு அலைந்தோம். யப்பான் சோறு வெள்ளை வெளேரென்று குழைஞ்சு வரும், கிளறிப் பார்த்தால் கட்டி கட்டியாக எழும்பும். கறி என்று ஒன்றும் இல்லை, ஊறுகாய் மாதிரி நாலு துண்டு. எங்கள் ஆக்கள் எங்கே போனாலும் கொண்டுபோகிற கறித்தூள் போத்தல் என்ர சட்டைப்பைக்குள் இருந்தது. நூடில்ஸ் கடையில் அதை எடுத்துத் தூவினேன். கடைக்காரன் தன்ர பிள்ளைக்கு ஆரோ அடித்த மாதிரி என்னைப் பார்த்தான். நல்ல ருசி, பொய் சொல்லக்கூடாது. தூள் போட்டபிறகு இன்னும் நல்ல ருசி.

அந்தக் கடை வாசலில்தான் அக்கா முதன்முதலில் அதைச் சொன்னா. "தம்பி, மூண்டு பேருக்கு இடம் கேள்."

"ரெண்டு பேர்தானே அக்கா."

"பின்னால வாற மனுசன்? அவர் வெளியில நிண்டால் வடிவில்லை."

நான் திரும்பிப் பார்த்தேன். ஒடுக்கமான தெரு. மழை பெய்து ஓய்ந்து கல்லெல்லாம் பளபளத்தது. ஒரு காகம்கூட இல்லை. கியோத்தோவின் பின்தெருக்கள் அப்படித்தான். வீடு வீடாக இருக்கும், பூச்சாடி வைத்திருக்கும், உடுப்புக் காயும், மனிசரைக் காணக்கிடைக்காது. ஹம்மிலும் ஞாயிற்றுக்கிழமை தெரு வெறிச்சோடித்தான் கிடக்கும், ஆனால் யன்னல் சீலைக்குப் பின்னால் ஒரு கிழவி நின்று நாங்கள் குப்பையைச் சரியான வாளிக்குள் போடுகிறோமா என்று பார்த்துக்கொண்டு இருப்பாள் என்று தெரியும். இங்கே அந்த ஆறுதலும் இல்லை. டொக்டர் சொன்னவர்தானே, இல்லாததைக் காண்பா என்று. நான் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அக்காவைத் தொலைத்தேன்.

நகரத்துக்குள் ஓடுகிற சின்ன ரயில். ஹம்மில் ரயில் எடுத்துப் பழகின எங்களுக்கு ரயில் என்றாலே ஒரு நடுக்கம் உண்டு. எங்கள் ஸ்ரேசனில் நீட்டு ரயிலை நடுவால் பிரித்து, முன்பாதியை ஒரு ஊருக்கும் பின்பாதியை இன்னொரு ஊருக்கும் அனுப்புவார்கள். பிழையான பெட்டிக்குள் ஏறினால் கதை முடிந்தது. யப்பான் ரயிலில் அப்படி ஒரு குழப்பமும் இல்லை. கதைக்கிற சத்தமும் இல்லை. பெட்டி நிறையச் சனம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கதவோரம் நின்று மகளுக்குப் போனில் எழுதிக்கொண்டிருந்தேன். "ஹைம்காரர் ஏதோ கேக்கினம், உங்களுக்குப் போன் அடிப்பினம்" என்று அவள் எழுதியிருந்தாள். நான் அதுக்குப் பதில் எழுதி நிமிர, கதவு சாத்துப்பட்டது. அக்கா வெளியே மேடையில் நின்றா. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று என்னைப் பார்த்தா. ஆரோ தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. ரயில் வெளிக்கிட்டுவிட்டது.

அடுத்த ஸ்ரேசனில் குதித்து, மற்றப் பக்கம் ஓடி, திரும்பி வருகிற ரயிலைப் பிடிக்கப் பதினொரு நிமிடம். என்ர வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பதினொரு நிமிடம் கிடையாது. வெறுங்காலும் பனியும்தான் கண்ணுக்குள் வந்தது. வியர்த்துப்போய்க் கோட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடிவந்தேன். அக்கா மேடையில் போட்டிருந்த வாங்கில் இருந்தா, கைப்பை மடியில். பக்கத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஸ்ரேசன் உத்தியோகத்தர் காவல் மாதிரி நின்றார். அவருக்கு அக்கா தமிழில் சொல்லிக்கொண்டு இருந்தா. "என்ர தம்பி வருவான். அவன் என்னை விடமாட்டான்." அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார்.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வந்திட்டியே. நல்ல காலம், அந்த மனுசன் ரயிலோட போட்டார்."

"எந்த மனுசன் அக்கா?"

"நாங்கள் வந்த நாள் துடக்கம் பின்னால வாறாரே. கறுப்புக் கோட்டு. எந்த நேரமும் போன். ஜேர்மன் கதைக்கிறார்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது, சத்தியமாக. பகல் இரண்டு மணி, நல்ல வெய்யில், மேடையில் நாங்கள் மூன்று பேர்தான். ஆனாலும் நான் தூண் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ரயிலில் ஏறினேன். வெய்யில் தாழக் குளிர்ந்தது, கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். அக்கா என்ர கையை விட்டுவிட்டுத் தள்ளி நடக்கத் தொடங்கினா.

நாலாம் நாள் கலண்டரில் மே மாதத்துக்கு இருந்த தோட்டத்துக்குப் போனோம். அது தோட்டமே இல்லை. வெள்ளைச் சரளையை வாரி விட்டிருக்கிறார்கள், நடுவில் அங்கங்கே கல்லு. மொத்தம் பதினைந்து கல்லு, எங்கே இருந்து பார்த்தாலும் ஒன்று மறைந்துபோய்ப் பதினாலுதான் தெரியும் என்று தாளில் போட்டிருந்தது. புல்லு இல்லை, பூ இல்லை, தண்ணி இல்லை. எங்கள் ஆக்கள் ஹம்மில் ஒரு துண்டுத் தோட்டம் வாடகைக்கு எடுத்தால் அடுத்த கிழமையே மிளகாயும் கத்தரியும் நட்டுவிடுவார்கள். இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டுவைக்க எப்படி மனம் வந்ததோ.

அக்காவைத் திண்ணை மாதிரி இருந்த பலகையில் நடுவில் இருத்திவிட்டு நான் மூலையில் போய்க் குந்திக்கொண்டு மகளுக்குப் பதில் எழுதினேன். திரும்பி வந்து கேட்டேன், "எத்தினை கல்லு அக்கா?"

"பதினைஞ்சு."

"பதினாலுதானே தெரியும்?"

"பதினைஞ்சு. பதினாலு வெள்ளைக்குள்ள. ஒண்டு கறுப்பா அந்த மூலையில குந்திக்கொண்டு இருந்தது. இப்ப காணேல்லை, எழும்பிப் போட்டுது."

நான் அந்த மூலையைப் பார்த்தேன். நான் குந்தியிருந்த மூலை. அப்போதும் எனக்குப் பொறி தட்டவில்லை. மரமண்டை.

ஐந்தாம் நாள் செவ்வாய். அக்காவுக்கு மரக்கறி. ஒரு கோயில் வளவுக்குள்ளேயே மரக்கறிச் சாப்பாடு கிடைத்தது. மண்சட்டியில் வெந்நீர், அதுக்குள் வெள்ளை வெளேரென்று சோயாக் கட்டி மிதக்கிறது. உப்பில்லை, புளியில்லை. "ஹைமில பல்லில்லாத ஆக்களுக்கு இதுதான் குடுக்கிறது" என்று சொல்லிவிட்டு அக்கா முழுவதையும் சாப்பிட்டா. நான் போத்தலை வெளியே எடுத்தேன், சுற்றிப் பார்த்தேன், திரும்ப உள்ளே வைத்தேன். கோயில் என்றால் கோயில்தானே.

அந்தக் கோயில் தோட்டம் பாசித் தோட்டம். நிலம், கல்லு, மரத்தடி எல்லாம் பச்சைப் பாசி, காலடி வைத்தால் சத்தத்தைக் குடித்துவிடும். எங்கேயோ ஒரு மூங்கில் குழாய் தண்ணி நிரம்பிக் கவிழ்ந்து கல்லில் அடிக்கும், டொக் என்று. பிறகு ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு டொக். பாதை ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கப் பாதையின் நடுவில் தேங்காய் அளவில் ஒரு கல்லு. பனந்தும்பு மாதிரிக் கறுப்புக் கயிறால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தது.

அக்கா நின்றுவிட்டா. "வைரவர்" என்றா.

எனக்கும் அப்படித்தான் பட்டது, ஊர் எல்லையில் காவல் நிற்கிற வைரவர். ஒற்றைக் கல்லு, கறுப்புக் கயிறு, மரத்தடி, ஆளில்லாத வழி. எங்கள் ஊர் ஆள் ஒருவருக்கு வேறு என்ன நினைவு வரும். அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டா. அந்த நேரம் பார்த்து என்ர போன் அதிர்ந்தது. ஜேர்மன் இலக்கம். கியோத்தோவில் நாலு மணி, ஹம்மில் காலை ஒன்பது. தோட்டத்துக்குள் போன் கதைக்கக்கூடாது. நான் நாலடி தள்ளிப்போய், மரத்தோடு மரமாக நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு எடுத்தேன்.

"திங்கள் ஒன்பதரைக்கு வருகிறீர்கள்தானே?" என்றாள் ஹைம்காரி, நல்ல அன்பான குரல். "அறை தயார். காப்புறுதி அட்டை கொண்டுவாருங்கள். மற்றது உடுப்பு. ஒவ்வொரு உடுப்பிலும் பேர் தைத்திருக்கவேண்டும்."

"உடுப்பில் பேர் தைக்கவேண்டும், சரி" என்று நானும் ஜேர்மனில் திருப்பிச் சொன்னேன்.

"அவவுக்குச் சொல்லிவிட்டீர்களா?"

"சொல்லுவேன்" என்றேன்.

முப்பது வருசம் ஹைமில் வேலை செய்த மனிசிக்கு ஜேர்மன் விளங்கும் என்கிறது எனக்கு அந்த நேரம் நினைவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா இல்லை. கல்லு இருந்தது. கல்லுக்கு முன்னால் அவவின் சப்பாத்து இரண்டும் சோடியாக, மூக்கு என்ர பக்கம் பார்த்தபடி இருந்தன. கழற்றினபோது அப்படி இருக்கவில்லை.

கல்லை வலம் வருவதென்றால் கல்லுக்கு அங்கால் போகத்தான் வேண்டும். அவ வலம் வரப் போய், அங்கால் போய்விட்டா என்று விளங்கியது. நானும் சப்பாத்தைக் கழற்றினேன். போனைப் பைக்குள் போட்டேன், கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினேன். கூப்பிட்டேன். "அக்கா." பாசி அதையும் குடித்துவிட்டது. பாதை வளைந்து வளைந்து போனது, ஒவ்வொரு வளைவிலும் அதே மரம், அதே கல்விளக்கு. ஈரப் பாசியில் ஒரு அடித்தடமும் இல்லை. டொக். இஞ்ச ஒரு குளம் இருந்தால் என்று ஒரு எண்ணம் வந்தது. அதுக்குப் பிறகு நான் நடக்கவில்லை, ஓடினேன்.

ஒரு கொட்டிலுக்கு முன்னால் அக்கா குந்தியிருந்தா. பக்கத்தில் நீலத் துணியால் தலையைக் கட்டின ஒரு மனிசி, தோட்டத்தில் வேலை செய்கிறவள், அவளும் குந்தியிருந்தாள். நடுவில் பத்துப் பன்னிரண்டு கல்லு. பழைய கயிற்றை வெட்டிவிட்டுப் புதுக்கயிறு கட்டுகிறார்கள். அந்த மனிசி ஒரு கல்லுக் கட்ட, அதைப் பார்த்து அக்கா ஒரு கல்லுக் கட்டுறா. முப்பது வருசம் உடுப்புக் கட்டின கை. முடிச்சு அச்சு அசலாக வந்திருந்தது.

"தம்பி, வா வா" என்றா அக்கா. அவ்வளவு சந்தோசமாக அவவை நான் பல மாதமாகக் கண்டதில்லை.

தோட்டக்காரி எழும்பி என்னிடம் கொஞ்சம் கடுமையாக ஏதோ சொன்னாள். பிறகு தன்ர போனை எடுத்தாள். அதே ஸ்ரேசன் குரல் ஜேர்மனில் வந்தது. "கட்டிய கல் இருந்தால் அதற்கு அப்பால் வரக்கூடாது. மதில் தேவையில்லை. பார்க்கிறவர் விளங்கிக்கொள்வார்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அக்காவுக்கும் தமிழில் சொன்னேன். "அது வைரவர் இல்லை அக்கா. அங்கால வரப்படாது எண்டதுக்குத்தான் கட்டி வைக்கிறவையாம்."

"எனக்குத் தெரியும். அதுக்குத்தானே வைரவரும் இருக்கிறார்" என்றா அக்கா, முடிச்சை இழுத்தபடி. "அந்த மனுசன் மரத்தோட நிண்டு போனில கதைச்சவர். உடுப்பில பேர் தைக்கட்டாம். அதுதான் நான் இஞ்சால வந்திட்டன். கல்லைத் தாண்டி அவர் வரமாட்டார்."

கறுப்புக் கோட்டு என்ர இடுப்பில் தொங்கியது. அந்த மனுசன் ஆர் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. ரயிலோடு போன ஆள், மூலையில் குந்தியிருந்த பதினைந்தாவது கல்லு, மூன்றாவது சாப்பாட்டுக்காரன். ஐந்து நாளாக அக்காவின் பின்னால் நான்தான் திரிந்திருக்கிறேன், அவவின் தம்பி ஒருவன், அவவைக் கொண்டுபோய் விட வந்த ஒருவன் என்று இரண்டு ஆளாக. "வாங்கோ போவம்" என்று மட்டும் சொன்னேன். மீதி இரண்டு நாளும் குளிரக் குளிரக் கோட்டுப் போடாமல் திரிந்தேன்.

அதுக்காக மனதை மாற்றினேன் என்று நினைக்கவேண்டாம். விமானத்தில் வரும்போதும் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். பென்சனுக்கு இன்னும் ஆறு வருசம். நான் வேலையில் நிற்கும்போது அவ திரும்பவும் பனிக்குள் இறங்கினால் ஆர் பார்ப்பது. ஹைம்காரர் பேய்கள் இல்லை, நல்ல சனம். சனி, ஞாயிறு அவ நித்திரையான நேரத்தில் அவவின் பதினேழு உடுப்பில் பேர் தைத்தேன். உள்சட்டைக்கு வந்தபோது கை கூசியது. அவ சொன்ன மாதிரியே.

திங்கட்கிழமை எட்டரைக்கு வெளிக்கிட்டேன். முகம் வழித்து, கறுப்புக் கோட்டுப் போட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு சப்பாத்துப் போட வாசலுக்கு வந்தேன். என்ர சப்பாத்து இரண்டும் சோடியாக, மூக்கு வெளிக்கதவைப் பார்த்தபடி இருந்தன. கயிறு இல்லை. இரண்டு சப்பாத்திலும் கயிற்றை உருவி எடுத்திருந்தது.

பக்கத்தில் அக்காவின் வீட்டுச் செருப்பு. நனைந்திருந்தது, அடியில் மண். கதவுத் திறப்பு உள்பக்கம் பூட்டில் போட்டபடி. மூன்று மாடி இறங்கி வெளியே போய், திரும்பி வந்து, கதவையும் பூட்டியிருக்கிறா. ஒரு வருசத்துக்கு மேலாக அவ வெளியே போனால் தானாகத் திரும்பி வந்ததே கிடையாது.

அவவின் அறைப்பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. வாசல் நடுவில் ஒரு கல்லு. எங்கள் கட்டடச் சுவரோரம் கொட்டியிருக்கிற உருண்டைக் கல்லுகளில் ஒன்று. என்ர கறுப்புச் சப்பாத்துக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, உச்சியில் அந்த முடிச்சு. மத்தியானம் என்ன சாப்பிட்டது என்று நினைவில்லாத மனிசி அந்த முடிச்சை மறக்கவில்லை.

அக்கா கட்டிலில் இருந்தா, கைப்பை மடியில். என்னைக் கண்டதும் நிமிர்ந்து இருந்தா.

"ஐயா, அதைத் தாண்டி வராதேங்கோ" என்றா.

அறுபத்தொரு வருசத்தில் அக்கா என்னை நீங்கள் என்று கூப்பிட்டது கிடையாது.

"அக்கா, நான்…"

"என்ர தம்பி நித்திரை. அவன் சிப்ட் வேலை செய்யிறவன், எழுப்பப்படாது. அவன் எழும்பினாப்பிறகு கேளுங்கோ. எனக்குத் தெரியும், அவன் விடமாட்டான்."

கல்லு கணுக்கால் உயரம்கூட இல்லை. காலைத் தூக்கி வைத்தால் அங்கால்.

நான் திரும்பி என்ர அறைக்குப் போனேன். கோட்டைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுச் சாத்தினேன். சாரத்தைக் கட்டினேன், பழைய பெனியனைப் போட்டேன், தலைமயிரைக் கையால் குழப்பிவிட்டேன். போனைக் கட்டிலில் எறிந்தேன். குசினிக்குள் போய் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு அவவின் வாசலுக்கு வந்தேன்.

"விடியக்காலமை ஆரோட அக்கா கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

முகம் மலர்ந்தது, அந்த ரயில்மேடையில் மலர்ந்த மாதிரி. "எழும்பிட்டியே. ஆரோ ஒரு மனுசன் வந்தவர். உன்னைக் கேக்கச் சொன்னனான்." என்ர தோளுக்கு மேலால் வாசல்பக்கம் எட்டிப் பார்த்தா. "போட்டாரோ?"

"போட்டார் அக்கா."

"அப்ப உள்ள வா."

நான் கல்லை எடுக்கவில்லை. ஓரமாகச் சுற்றி உள்ளே போய்க் கட்டிலில் பக்கத்தில் இருந்தேன். பத்து மணிக்குக் கிட்ட என்ர அறைக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. நான் எழும்பப் போனேன். அக்கா என்ர கையைப் பிடித்தா.

"எடாத தம்பி. அந்த மனுசனாத்தான் இருக்கும்."

அது அடித்து ஓயும்வரைக்கும் இரண்டுபேரும் தேத்தண்ணி குடித்தோம்.